பி.ஆர்க் ஐந்து வருடத்தில் எதைக் கற்றுக்கொண்டால் உருப்படலாம்?

கோடுபோடுபவள்:
வணக்கம். பி.ஆர்க் (கட்டடக்கலைப் பட்டப்படிப்பு) நான்காம் வருடம் படிக்கிறேன், திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரி. ஒரு செமஸ்டர் ட்ரெய்னிங்கை ஒரு ஆபீஸில் முடித்துவிட்டுப் போன வாரம்தான் திரும்பினேன். அங்கே நடந்த ஒன்று இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. ஒரு வீட்டு சைட்டுக்கு என்னைத் தனியாக அனுப்பியிருந்தார்கள். முதல் மாடி பாத்ரூமுக்குப் பைப் போட வந்த பிளம்பர் அண்ணன் என் டிராயிங்கைப் பார்த்துவிட்டு, "மேடம், க்ளோசெட் எஸ் ட்ராப்பா பி ட்ராப்பா? சுவரிலிருந்து எத்தனை இன்ச்சில் பைப்பை விடட்டும்?" என்று கேட்டார். எனக்கு அவர் என்ன கேட்கிறார் என்றே புரியவில்லை. ஆட்டோகேட் சாஃப்ட்வேரில் ரெடிமேடாக இருக்கும் பிளாக்கிலிருந்து, க்ளோசெட்டுக்காக (கழிப்பறைப் பீங்கான்) ஒரு நீள்வட்டத்தை இழுத்துப் போட்டிருந்தேன், அவ்வளவுதான். நான்கு வருடமாக எத்தனை நூறு நீள்வட்டம் போட்டிருப்பேன் என்று தெரியாது, அதற்கு அடியில் ஒரு ஓட்டை உண்டு என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

கல்லூரியில் கான்செப்ட், ஷீட், மாடல், ஜூரி (டிசைனை ஆசிரியர்கள் முன்னால் வைத்து விளக்கும் தேர்வு), மறுபடி கான்செப்ட். கட்டடத்தின் உருவத்துக்கு ஒரு கதை சொல்லத் தெரிந்தால் மார்க். குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை, இன்னும் மூன்று செமஸ்டர் இருக்கிறது, அதில் எதைப் பிடித்துக்கொள்வது? சீனியர்கள் ரெவிட் சாஃப்ட்வேர் என்கிறார்கள், அப்பா வாஸ்து என்கிறார்.

புதுபேட்ச்:
ரெவிட் கத்துக்கோங்க. போர்ட்ஃபோலியோவை நல்லா பண்ணுங்க. இன்டர்வியூவில் யாரும் ட்ராப் பத்திக் கேட்க மாட்டாங்க.

ரசமட்டம்:
மேலே தம்பி சொன்னது வேலையில் சேரும் வரைக்கும் சரி. அதற்கு அப்புறம்?

நான் பதினெட்டு வருடமாக மதுரையில் சின்னதாக ஒரு ஆபீஸ் வைத்திருக்கிறேன், பெரும்பாலும் வீடுகள். தங்கச்சி, உங்களுக்கு நடந்தது எல்லாருக்கும் நடந்ததுதான், நான் மாட்டிக்கொண்டது மாடிப்படியில். பிளானில் படிக்கட்டு அழகாக ஏறியது, செக்ஷன் (கட்டடத்தை நெடுக்காக வெட்டிப் பார்க்கும் படம்) வெட்டிப் பார்க்கவில்லை. சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை) பிரித்த பிறகுதான் மேஸ்திரி கூப்பிட்டுக் காட்டினார், எட்டாவது படியில் நிற்கும்போது பீம் சரியாக என் நெற்றிக்கு நேரே இருந்தது. பாதிப் படியை உடைத்துத் திருப்பிப் போட்டோம், செலவு என்னுடையது.

அதனால் என்னிடம் ட்ரெய்னிங்குக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் மாதம் ஒரே ஒரு வேலைதான் கொடுப்பேன்: ஒரு பாத்ரூம், பத்தில் ஒரு பங்கு ஸ்கேலில், ஒழுகாமல். தளத்தை எவ்வளவு இறக்கிப் போடுவது, அதில் எந்தப் பைப் எந்தப் பக்கம் போகும், வாட்டர் புரூஃபிங்கைச் சுவரில் எத்தனை அடி ஏற்றுவது, தண்ணீர் வாட்டம் எந்த மூலைக்கு, கதவு திறந்தால் வாஷ் பேசினில் இடிக்குமா. ஐந்துக்கு ஏழு அறைதான். ஆனால் அதைச் சரியாக வரைய ஸ்ட்ரக்சர், பிளம்பிங், எலக்ட்ரிகல், டைல், குளிக்கிறவருடைய உடம்பு எல்லாம் தெரிய வேண்டும். அதை வரைந்தவனுக்கு அப்புறம் ஆஸ்பத்திரியைக் கொடுத்தாலும் பயம் இருக்காது.

திண்ணைவாசி:
நான் பாடம் நடத்துகிறவள், அதனால் கொஞ்சம் எதிர்ப்பாட்டு. ரசமட்டம் சார் சொல்வது அத்தனையும் உண்மை. ஆனால் எஸ் ட்ராப் எது, பி ட்ராப் எது என்பதை சைட்டில் பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம் (குழாய் தரைக்குள் இறங்கினால் எஸ், பின்சுவருக்குள் போனால் பி, முடிந்தது). பத்து நிமிடத்தில் யாரும் சொல்லித் தர முடியாத விஷயத்துக்குத்தான் ஐந்து வருடம்.

உதாரணம் சொல்கிறேன். ஜூரியில் பாதிப் பிள்ளைகள் "வடக்குப் பக்கம் வெயில் வராது, அதனால் முழுக்கக் கண்ணாடி" என்பார்கள். குளிர்நாட்டுப் புத்தகத்தில் படித்தது. சென்னை இருப்பது 13 டிகிரி வடக்கில். ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது, அப்புறம் ஆகஸ்ட் நடு வரைக்கும் மதிய சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கிறது. அதாவது கத்திரி வெயிலில் தெற்குச் சுவர் நிழலில், வடக்குச் சுவருக்கு சன்ஷேடு வேண்டும். மொட்டை மாடியில் ஒரு குச்சியை நட்டு மே மாதம் மதியம் நிழலைப் பார்த்தால் போதும், தெரிந்துவிடும். சாஃப்ட்வேரில் சன் பாத் ஓட்டிக் கலர் படம் ஒட்டுகிறார்கள், அந்தப் படம் என்ன சொல்கிறது என்று கேட்டால் முழிக்கிறார்கள்.

இன்னொன்று, செட்டிநாட்டு வீடு அளக்கப் போயிருப்பீர்களே. பெரும்பாலானவர்கள் அதை டூர் மாதிரி முடித்துவிட்டு ஆத்தங்குடித் தளத்தை போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறார்கள். மறுபடி போங்கள், டேப்போடு. திண்ணையிலிருந்து முகப்பு, வளவு (நடுமுற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), இரண்டாம் கட்டு என்று ஒரே நேர்கோட்டில் வாசல்கள் திறக்கின்றனவே, ஒவ்வொரு வாசலிலும் வெளிச்சம் எவ்வளவு குறைகிறது, தரை எவ்வளவு ஏறுகிறது, யார் எதுவரைக்கும் வரலாம் என்பதை அந்த வீடு எப்படிச் சொல்லாமல் சொல்கிறது என்று பாருங்கள். ஒரு மெட்ராஸ் டெரஸ் கூரையை அடியிலிருந்து அண்ணாந்து பார்த்து செக்ஷன் வரையுங்கள்: தேக்குக் கட்டை, அதன்மேல் குறுக்குச்சாய்வாக நிறுத்திவைத்துச் சுண்ணாம்பில் பிடித்த சின்னச் செங்கல், அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், கடைசியில் தட்டு ஓடு. கம்பியே இல்லாமல் அது எப்படி நிற்கிறது என்று யோசிக்கிற ஒரு மத்தியானம், ஒரு செமஸ்டர் லெக்சருக்குச் சமம். என் லெக்சரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சென்ட்ரிங்காரன்:
கான்ட்ராக்டர் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. சிவில் டிப்ளமோதான் படித்தேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆர்க்கிடெக்ட்கள் கணக்குப் போட வேண்டாம், அதற்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் இருக்கிறார். ஆனால் பாரம் எங்கே இறங்கும் என்றாவது தெரிய வேண்டும். மேல் மாடியில் பெட்ரூமை நான்கடி நகர்த்திவிட்டு, அந்தச் சுவருக்கு அடியில் காலம் (தூண்) எங்கே என்று கேட்டால், ஹாலுக்கு நடுவில் வருகிறதே என்று அவர்களே ஆச்சரியப்படுகிறார்கள்.

அப்புறம் சன்ஷேடு, பால்கனி. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்லாபுக்கு மெயின் கம்பி மேலே இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் அந்தக் கம்பி மேலேயே நடந்து நடந்து அதை அடியில் இறக்கிவிடுவார்கள். சேர் கம்பி (மேல் கம்பியைத் தாங்க நாற்காலி மாதிரி வளைத்த கம்பி) வைத்துத் தூக்கி நிறுத்தியிருக்கிறதா என்று பார்க்கத் தெரியாதவர் எவ்வளவு பெரிய டிசைனர் ஆனாலும் எனக்கு அவரோடு வேலை செய்யப் பயம்தான். கம்பி கட்டி முடித்ததும் போட்டோ எடுக்க வருகிறார்கள், குனிந்து பார்க்க யாரும் வருவதில்லை.

ரசமட்டம்:
@திண்ணைவாசி மேடம், செக்ஷன் விஷயத்தில் நாம் ஒரே கட்சிதான். பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். கேட்கலாம் என்று தோன்றுவதற்கே அடியில் ஓட்டை இருப்பது தெரிந்திருக்க வேண்டுமே. நாலு வருடம் அது தோன்றவில்லை என்றுதானே அந்தப் பிள்ளை எழுதியிருக்கிறது.

விட்டுப்போன ஒன்று, சட்டம். 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் ஆக்ட் காப்பாற்றுவது பட்டப் பெயரைத்தான், வேலையை அல்ல. பதிவு செய்யாதவர் 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ளக் கூடாது, ஆனால் டிசைன் செய்வதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆக, வீட்டுக்காரர் நம்மிடம் வருவது நமக்குத் தெரிந்ததற்காகத்தான், சர்டிபிகேட்டுக்காக இல்லை. 2019 தமிழ்நாடு கட்டட விதிகளை உட்கார்ந்து ஒரு முறை படியுங்கள், தூக்கம் வரும், பரவாயில்லை. ஒரு கிரவுண்டு மனை, 2400 சதுர அடி, எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பில் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) 2 என்றால் காகிதத்தில் 4800. பக்கத்து இடைவெளி, ரோட்டு அகலம், கார் நிறுத்த இடம் எல்லாம் விட்ட பிறகு அதில் உண்மையில் எவ்வளவு வரும் என்று கிளையண்ட் முன்னால் பென்சிலால் போட்டுக் காட்டத் தெரிய வேண்டும்.

அப்பா சொன்ன வாஸ்துவையும் ஒதுக்காதீர்கள். நம்ப வேண்டியதில்லை, ஈசானிய மூலையும் அக்னி மூலையும் எங்கே என்று தெரிந்தால் போதும், நாலாவது மீட்டிங்கில் பிளானைத் தலைகீழாக மாற்ற வேண்டிவராது.

கோடுபோடுபவள்:
எல்லாருக்கும் நன்றி. எங்கள் ஹாஸ்டலில் மூன்றாம் மாடி பாத்ரூம் ஒன்றை ரிப்பேருக்காக உடைத்துப் போட்டிருக்கிறார்கள், க்ளோசெட்டைக் கழற்றி ஓரமாக வைத்திருக்கிறார்கள். நேற்று டேப்போடு போனேன், வார்டன் ஒரு மாதிரி பார்த்தார். தரை ஓட்டையின் நடுவிலிருந்து சுவருக்கு 9 இன்ச் வருகிறது. ஆனால் அந்தச் சுவரில் டைல் இன்னும் இருக்கிறது. சைட்டில் அந்த அண்ணன் கேட்டபோது வெறும் செங்கல் சுவர்தான் இருந்தது. இந்த 9 இன்ச்சை எங்கிருந்து அளப்பது?

ரசமட்டம்:
டைல் முகத்திலிருந்து. பூச்சும் டைலும் சேர்ந்து ஒன்றரை இன்ச் வரும், செங்கலிலிருந்து அளந்து சொல்வதானால் பத்தரை என்று சொல்லுங்கள். க்ளோசெட் எந்த மாடல் என்று முடிவான பிறகு சொல்லுங்கள், 4 இன்ச்சிலும் வருகிறது, 12இலும் வருகிறது.