பெட்ரோலா, ஹைபிரிடா, டீசலா? ஓட்டுறவங்க சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே, கார் வாங்கும் முடிவில் மூன்று வகையில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். கோவையில் வீடு சிங்காநல்லூர், வேலை சரவணம்பட்டி, வாரநாளெல்லாம் சிக்னல் சிக்னலாக நின்று நின்று போகிற ஓட்டம்தான். அப்பா அம்மா திருநெல்வேலியில் இருப்பதால் மாதம் ஒருமுறையாவது பல்லடம், திண்டுக்கல், மதுரை வழியாக நெடுஞ்சாலை ஓட்டமும் உண்டு.

பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த கிராண்ட் விட்டாரா ஹைபிரிடுக்கு லிட்டருக்கு 27.97 கி.மீ., அதே வண்டியின் பெட்ரோல் மேனுவலுக்கு 21.11, கிரெட்டா டீசல் மேனுவலுக்கு 21.8 என்று போட்டிருக்கிறார்கள். எல்லாம் சோதனைக்கூடத்துக் கணக்கு, ரோட்டில் அப்படியே வராது என்பது தெரியும். ஹைபிரிடில் பிரேக் பிடிக்கும்போது வீணாகிற சக்தி பேட்டரிக்குத் திரும்புகிறது, நெரிசலில் இன்ஜின் அடிக்கடி அணைந்துவிடுகிறது, அதனால் ஊருக்குள் லாபம் சரி. ஆனால் நூறில் ஒரே சீராகப் போகும்போது பிரேக்குக்கு வேலையே இல்லையே, அங்கே எவ்வளவு கிடைக்கிறது?

டீசலில் எனக்குப் பயம் டிபிஎஃப் என்கிற புகைக்கரி வடிகட்டிதான். அது சூடேறித் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள நீண்ட ஓட்டம் வேண்டுமாம், என் வாரநாள் ஓட்டத்துக்கு அது அடைத்துக்கொண்டு விளக்கு எரியுமா? மாதம் ஒரு திருநெல்வேலிப் பயணம் போதுமா?

அப்புறம், இ20 பெட்ரோல் (20% எத்தனால் கலந்தது) போட்ட பிறகு மைலேஜ் எவ்வளவு இறங்கியது? திரையில் காட்டுவதை நம்ப வேண்டாம், டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்த்தவர்கள் எண்ணைச் சொன்னால் புண்ணியமாகப் போகும். ஏசி போட்டா, போடாமலா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.