வாசிகசாலைக் கல்லில ஐ.என்.ஏ. காரன்ர பேர் ஏன்?

வடலியான்:
எங்கட ஊர் வாசிகசாலைக்கு மலாயாவில இருந்து காசு அனுப்பினவையின்ர பேர் வெட்டின பழைய கல்லு வெடிச்சுப் போச்சு. இப்ப புதுக்கல்லு வைக்கினம். ஆச்சியின்ர தமையன்ர பேரும் அதில இருந்தது. பக்கத்தில "போர்வீரர், இந்திய தேசிய இராணுவம்" (ஐ.என்.ஏ.) எண்டு சேர்க்கச் சொல்லிக் கேட்டன். கமிட்டியில ரெண்டு பேர் மாட்டம் எண்டு நிக்கினம். அவர் கோலாலம்பூரில றெயில்வே கிளாக்கர். 1943இல நேதாஜி சிங்கப்பூர் வந்தாப் பிறகு, வெள்ளைக்காரனை எதிர்த்து நிண்ட அந்தப் பட்டாளத்தில சேர்ந்தவர். 1944இல பர்மா எல்லைப்பக்கம் இம்பாலில இருந்து பின்வாங்கி வரேக்க செத்துப்போனார். என்ன சொல்லுறியள்?

கீரிமலைக்கேணி:
நான் உங்கட கமிட்டியில இல்லை, ஆனா அவையின்ர பக்கம்தான். ஐ.என்.ஏ. ஆரோட நிண்டது? ஜப்பான்காரனோட. 1942 ஏப்ரல் 5 கொழும்பிலயும் 9ஆம் திகதி திருகோணமலையிலயும் குண்டு போட்டவன் அவன்தான். அவன் போட்ட சயாம் (இப்ப தாய்லாந்து) - பர்மா றெயில்பாதை 415 கிலோமீற்றர். மலாயாத் தோட்டங்களில இருந்து அள்ளிக்கொண்டு போன தமிழ்ச்சனம் அதில ஆயிரக்கணக்கில செத்தது. அதுகளுக்கு எந்த ஊரில கல்லு? கிளாக்கர்மாருக்கு மட்டும் வீரப்பட்டமோ?

வடலியான்:
அண்ணை, முதலாம் உலகப்போரில வெள்ளைக்காரனுக்கு விமானம் வாங்கக் காசு சேர்த்துக் குடுத்ததும் மலாயா யாழ்ப்பாணத் தமிழர்தான். அதை இண்டைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுகினம். எங்களை ஆண்ட வெள்ளைக்காரனுக்கு அள்ளிக் குடுத்தால் பெருமை, அவனை எதிர்த்துச் செத்தால் வில்லங்கமோ?

கீரிமலைக்கேணி:
அதைப் பெருமை எண்டு நான் எப்ப சொன்னனான்?

சுண்ணாகத்தான்:
சிங்கப்பூர் கிராஞ்சி போர் நினைவிடத்துக்குப் போனனான். புதைச்ச இடம் தெரியாத பிரிட்டிஷ் பக்கத்து ஆக்களின்ர பேர் 24,000க்கு மேல வெட்டிக் கிடக்கு. ஐ.என்.ஏ. நினைவுத்தூண் அங்க இல்லை, எஸ்பிளனேட் கடற்கரையில. அதுக்கு 1945 யூலை 8 நேதாஜி அடிக்கல் வைச்சவர். வெள்ளைக்காரன் திரும்பி வந்த கையோட, செப்டெம்பரிலயே உடைச்சுப் போட்டான். 1995இலதான் அந்த இடத்தில ஒரு அடையாளம் வைச்சிருக்கினம். உங்கட கமிட்டி ஆக்களுக்கு இதைச் சொல்லுங்கோ.

ஈப்போக்காரன்:
நான் மலேசியா. எங்க தாத்தாவோட அண்ணன் பேராக்குல பால்மரம் சீவினவரு. சயாமுக்குப் பிடிச்சிட்டுப் போனாங்க, திரும்பி வரல. அதனால கேணி அண்ணன் கோபம் எனக்குப் புரியுது. ஆனா இன்னொண்ணு இருக்கு. சயாமுக்குப் போகாம தப்பிக்கவே ஐ.என்.ஏ.வுல சேர்ந்தவங்களும் எங்க தோட்டத்துல உண்டுன்னு பாட்டி சொல்வாங்க. உங்க ஆச்சியோட அண்ணன் எதுக்குச் சேர்ந்தாருன்னு வீட்டுல யாருக்காவது தெரியுமா?

வடலியான்:
தெரியாது. உண்மையைச் சொல்லத்தானே வேணும். கடைசிக் காயிதம் 1941 மார்கழியில வந்தது. அதில அரசியல் ஒரு சொல்லும் இல்லை, தோட்டத்துக் கிணத்துக்குக் கட்டுக் கட்டுங்கோ எண்டு மட்டும் கிடக்கு. பிறகு மணியோடரும் நிண்டுபோச்சு. 1946இல கூட்டாளி ஒருத்தர் அவற்ற றங்குப்பெட்டியைக் கொண்டந்து குடுத்தவர். உள்ளுக்கு றெயில்வே கோட்டு. பித்தளைப் பொத்தான் நாலில ஒண்டு இல்லை. பர்மாவில சிந்த்வின் ஆத்துக்குக் கிட்ட, நல்ல மழையாம், வயித்தாலடியாம். ஒரு மரத்தடியில குந்தி, "நீ போ, நான் ஆறிப்போட்டு வாறன்" எண்டாராம். திகதி அந்தக் கூட்டாளிக்கும் தெரியேல்லை. ஆச்சி அதால ஆடி அமாவாசைக்குத்தான் கீரிமலையில அவருக்குச் செய்விக்கிறவ. அந்தச் சண்டையில சூடு பட்டதை விடப் பசியிலயும் காய்ச்சலிலயும் போனவைதான் கூட.

கீரிமலைக்கேணி:
அப்ப "வீரர்" எண்டதை விடுங்கோ. "மலாயா றெயில்வே, 1944இல் பர்மாவில் காலமானார்" எண்டு போடுங்கோ. நானே வந்து கமிட்டியோட கதைக்கிறன்.

வடலியான்:
"காலமானார்" எண்டால் வீட்டில படுக்கையில கிடந்து போனவர் மாதிரியெல்லே கிடக்கு. ஏன் சேர்ந்தாரோ, பட்டாளத்தில நிண்டு செத்தவர் அண்ணை.

ஈப்போக்காரன்:
கல்லுல இடம் இருந்தா, சயாம் போனவங்களுக்கும் ஒரு வரி போடுங்க.

கீரிமலைக்கேணி:
அதைப் போட்டால் நான் வாயே திறக்கமாட்டன்.

வடலியான்:
அந்த வரிக்கு நான் காசு தாறன். கமிட்டிக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. கல்லு வெட்டுறவர் எழுத்துக் கணக்கிலதான் காசு கேக்கிறார். "வீரர்" எண்டது மூண்டே மூண்டு எழுத்துத்தான் எண்டு சொல்லிப் பாப்பம்.