முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன சிகரெட் வாடையை எப்படிப் போக்குவது?

கயல், மடிப்பாக்கம்:
போன மாதம் வாடகைக்கு வந்த வீடு. முன்னால் இருந்தவர் ஹாலிலேயே உட்கார்ந்து சிகரெட் பிடிப்பாராம். வீடு பார்க்க வந்த அன்று ஃபினாயில் வாசனைதான் தெரிந்தது. இப்போது ஜன்னலைச் சாத்தி ஏசி போட்டால் வாடை மூக்கில் ஏறுகிறது. மழை பெய்தால் இன்னும் மோசம். சீலிங் மஞ்சளாகக் கிடக்கிறது. காலண்டர் மாட்டியிருந்த இடம் மட்டும் பளிச்சென்று வெள்ளை. ஊதுபத்தி, சாம்பிராணி எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். பையன் தவழ ஆரம்பித்துவிட்டான், கண்டதையும் தொட்டுக் கையை வாயில் வைக்கிறான், அதுதான் கவலை. ஹவுஸ் ஓனர் ஒரு கோட் டிஸ்டெம்பர் அடித்துத் தருகிறேன் என்கிறார். போதுமா?

வர்ணம்:
போதாதும்மா. பெயின்டிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவன், அதனால் சொல்கிறேன், அவசரப்பட்டு அடிக்க விடாதீர்கள். சுவரில் இருப்பது நிக்கோட்டினும் தாரும் சேர்ந்த பிசுக்கு. அதன்மேல் தண்ணீர் கலக்கும் பெயின்ட் எதை அடித்தாலும் அந்த ஈரத்தில் கரைந்து மேலே ஏறி வரும். காய்ந்ததும் பழுப்புத் திட்டுகள் தெரியும், கூடவே வாடையும். இன்னொரு கோட் அடித்தாலும் அதே கதைதான்.

முதலில் சுவரை உள்ளங்கையால் தேயுங்கள். மாவாக ஒட்டினால் டிஸ்டெம்பர். அதைக் கழுவ முடியாது, சுரண்டி உப்புத்தாள் போட வேண்டும். ஒட்டாவிட்டால் எமல்ஷன். வெந்நீரில் சோப்புத்தூள் கரைத்து ஸ்பாஞ்சால் துடையுங்கள், கீழிருந்து மேலே. மேலிருந்து ஆரம்பித்தால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த சுவரில் வழிந்து, அந்தக் கோடு லேசில் போகாது. வாளித் தண்ணீர் டீ டிகாஷன் மாதிரி ஆகும், மாற்றிக்கொண்டே இருங்கள். நன்றாகக் காய்ந்தபின் ஆயில் பிரைமர், அதாவது தண்ணீர் கலக்காத அடிப்பூச்சு, அப்புறம் எமல்ஷன். கறையையும் வாடையையும் அடக்குவது பிரைமர்தான். சுரண்டும்போதும், பிரைமர் நெடி அடங்கும்வரையும் குழந்தை அந்த வீட்டில் இருக்கக் கூடாது. ஓனரிடம் பிரைமர் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கெமிஸ்ட்ரி டீச்சர்:
கயல், சாம்பிராணியை நிறுத்திவிடுங்கள், அதுவும் புகைதான். நிக்கோட்டின் காரத்தன்மை உள்ளது, அதனால் வினிகர் கலந்த தண்ணீருக்கு நன்றாகக் கரைந்து வரும். கதவு, ஜன்னல் கம்பி, டைல்ஸ் எல்லாம் துடைக்கலாம். மார்பிள் தரையில் மட்டும் படக்கூடாது, அரித்துவிடும். வினிகரோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

உங்கள் கவலை நியாயமானது. சுவரிலும் துணியிலும் படிந்த நிக்கோட்டின், காற்றில் உள்ள நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து புற்றுநோயை உண்டாக்கக்கூடிய நைட்ரோசமைன்களாக மாறுகிறது என்று அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 2010இல் கண்டு சொன்னது. தவழும் குழந்தை தரையிலேயே கிடப்பதால் அதற்குத்தான் ஆபத்து அதிகம்.

கயல், மடிப்பாக்கம்:
ரொம்ப நன்றி இருவருக்கும். கையில் மாவு ஒட்டவில்லை, எமல்ஷன்தான் போல. டியூப்லைட் பட்டியை வெள்ளைத் துணியால் துடைத்தேன், துணி பழுப்பாகிப் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. ஏசி ஓனருடையது, என்ன செய்வது? ஓசோன் மெஷின் வைத்தால் ஒரே நாளில் போய்விடும் என்றும் ஒருவர் சொல்கிறார்.

கெமிஸ்ட்ரி டீச்சர்:
ஓசோன் வேண்டவே வேண்டாம். நுரையீரலை எரிச்சலூட்டும் வாயு அது. சுவரில் படிந்த பிசுக்கையும் எடுக்காது.

வர்ணம்:
ஏசி ஃபில்டரை மட்டும் கழுவினால் பிரயோஜனம் இல்லை. உள்ளே காயிலிலும் பிளோயரிலும்தான் படிந்திருக்கும். பிளோயரைக் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள், சுவர் வேலை முடிந்தபிறகு. ஃபேன் இறக்கையின் மேல்பக்கம், பரண், கொசுவலை, இந்த மூன்றையும் ஆட்கள் விட்டுவிடுவார்கள், பக்கத்தில் நின்று துடைக்க வையுங்கள். பழைய திரைச்சீலை ஏதும் இருந்தால் ஓனரிடமே கொடுத்துவிடுங்கள்.