கோலாலம்பூர் செந்தூல் பிளாட் குழாய்த் தண்ணீரில் தின்னர் வாடை, கொதிக்க வைத்தால் போதுமா?

கேள்வி:
நேற்றிலிருந்து குழாயைத் திறந்தாலே பெயிண்ட் தின்னர் வாடை. அரிசி களைந்த தண்ணீரிலும் அதேதான். மாமியார் "நல்லா கொதிக்க வச்சா சரியாயிடும்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை, கைக்குழந்தைக்குப் பால் கலக்க வேண்டும். பில்டர் விற்பவர் வேறு வாட்ஸ்அப்பில் துரத்துகிறார்.

பதில் 1:
தங்கச்சி, கொதித்தால் கிருமிதான் சாகும். ஈயம் மாதிரி உலோகங்கள் போகாது. தண்ணீர் வற்ற வற்ற செறிவு கூடும். நீச்சல்குள வாடை என்றால் குளோரின், விட்டுவிடலாம். இது அப்படியில்லை. குழந்தைக்குப் போத்தல் தண்ணீர்தான்.

பதில் 2:
2020 செப்டம்பர் ஞாபகம் இருக்கா? சிலாங்கூரில் ரவாங் பக்கம் ஆற்றில் கழிவு கலந்து, 4 சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். 10 லட்சம் குடிநீர் இணைப்புகளுக்கு மேல் தண்ணீர் நின்றது. வாளி தூக்கியே இடுப்பு போச்சு! ஆற்றில் கோளாறு என்றால் ஊருக்கே வாடை வரும். பக்கத்து பிளாக்கில் கேட்டுப் பாருங்க.

கேள்வி கேட்டவர்:
கேட்டேன் அண்ணே, அங்கே வாடையே இல்லை. எங்கள் மொட்டைமாடித் தொட்டிக்குள் போன வாரம்தான் பூச்சு அடித்தார்களாம், ஒரு நோட்டீஸ்கூட ஒட்டவில்லை. நிர்வாகத்துக்குப் புகார் எழுதியாச்சு.