மதுவை விட்டபின் வந்த இனிப்பு வேட்கை

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்):
மதுவை விட்டு 4 மாதங்கள் ஆகின்றன. ஆனால் மாலையானதும், முன்பு குவளையைத் தேடிய அதே கை இனிப்புப் பெட்டியைத் தேடுகிறது. மனம் கனக்கும் நாளில் ஒரு பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறி நிரப்பிய உணவு) முழுவதையும் பசியின்றியே தின்றுவிடுகிறேன். இதுவும் அடிமைத்தனமா?

மறுமொழி:
தம்பி, உங்களை நொந்துகொள்ளாதீர்கள். மதுசாரம் கிராமுக்கு 7 கலோரி தருவது; அது நின்றதும் உடல் ஈடு கேட்கிறது, மதுவைப் போலவே இனிப்பும் மூளையில் இன்பத்தை நாடவைக்கும் டோபமைன் என்னும் வேதிப்பொருளைத் தூண்டுவதால் வேட்கை அங்கே திரும்புகிறது. மதிய உணவைத் தவிர்க்காமல், நான்கு மணிக்கே பருப்போ முட்டையோ உண்ணுங்கள்.

மறுமொழி:
அண்ணா, மதுவை விட்ட என் கணவர் தட்டை எடுக்குமுன் பசியா, கோபமா, தனிமையா, களைப்பா என்று தம்மையே கேட்டுக்கொள்வார். தனிமையென்றால் என்னோடு நடக்க வருவார். காவடி விரதத்தில் வெறும் வயிறு வேட்கையைக் கூட்டியதால், மறுஆண்டு மருத்துவரைக் கேட்ட பிறகே விரதமிருந்தார்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, தங்கச்சி. எனக்குத் தனிமைதான்.