டான்யூப் கரையில் கடைசி மூன்று நாள்: மெல்க்கிலிருந்து வியன்னா வரை

ஜெர்மனியின் பாசாவில் சைக்கிளில் கிளம்பி டான்யூப் கரையோடு வரும் குழுக்களுக்கு ஆஸ்திரியாவின் மெல்க் மடத்தின் மஞ்சள் சுவர் தெரிந்ததும் பயணமே முடிந்துவிட்ட நினைப்பு வந்துவிடுகிறது. இன்னும் 120 கி.மீ. போல மிச்சம் இருக்கிறது. உடம்பு, வண்டி, கூடாரம் மூன்றும் களைத்துப்போய்த் தகராறு செய்வது இந்தத் தூரத்தில்தான். அதனால் இந்த இழையில் கடைசி மூன்று நாளை மட்டும் பேசுவோம். தெரிந்தவர்கள் கீழே சேருங்கள்.

கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். ஞாயிறு காலை விமானம் என்றால் வெள்ளி மதியமே வியன்னாவில் இருக்க வேண்டும். சைக்கிள் கடைகள் பலவும் சனி மதியத்தோடு பூட்டிவிடும். வண்டியை விமானத்தில் ஏற்ற அட்டைப்பெட்டி கிடைக்கும் ஒரே இடம் அந்தக் கடைகள்தான். அப்படியானால் புதன் காலை மெல்க்கை விட்டாக வேண்டும். முதல் நாள் கிரெம்ஸ் வரை 36 கி.மீ., மறுநாள் துல்ன் வரை 45, மூன்றாம் நாள் வியன்னாவுக்கு 40-க்குள். தூரத்தைப் பார்த்தால் குறைவுதான். ஆனால் மெல்க்குக்கும் கிரெம்ஸுக்கும் நடுவே வரும் வாஹாவ் பள்ளத்தாக்கில் யாரும் நிற்காமல் ஓட்டுவதில்லை. ஜூலையில் வழியெல்லாம் ஏப்ரிகாட் பழக்கடைகள். அதை இங்கே 'மரில்லே' என்பார்கள். அந்த முதல் நாளுக்கு ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஆற்றங்கரைப் பலகையில் உள்ள கிலோமீட்டர் எண் கருங்கடல் முகத்துவாரத்திலிருந்து எண்ணியது. மெல்க் பக்கம் 2036, கிரெம்ஸில் 2002, துல்னில் 1963, வியன்னாவின் ரைஹ்ஸ்ப்ரூக்கே பாலத்தில் 1929. போன் சார்ஜ் தீர்ந்தாலும் எங்கே இருக்கிறோம் என்பதை இந்தப் பலகையே சொல்லிவிடும். பாதை கொஞ்சம் வளைந்து போவதால் சைக்கிள் மீட்டர் பத்துப் பதினைந்து கி.மீ. கூடவே காட்டும்.

மெல்க்கிலிருந்து தென்கரையில் வந்து, ஆர்ன்ஸ்டோர்ஃபில் படகேறி வடகரை ஷ்பிட்ஸுக்குப் போவது நல்லது. தென்கரையில் கூட்டம் இல்லை, சாலையும் நிதானமானது. ஷ்பிட்ஸுக்குப் பிறகு வைசென்கிர்ஹென், டியூர்ன்ஷ்டைன் எல்லாம் வடகரையில் இருக்கின்றன. இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டை 1192-இல் சிறை வைத்த கோட்டையின் இடிபாடு டியூர்ன்ஷ்டைனுக்கு மேலே நிற்கிறது.

அந்தப் படகைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதை நகர்த்துவது ஆற்றோட்டம், எஞ்சின் கிடையாது. ஆற்றுக்குக் குறுக்கே தலைக்கு மேல் ஒரு எஃகு வடம். அதில் உருளும் கப்பியிலிருந்து இறங்கும் கம்பி படகைப் பிடித்திருக்கும். படகோட்டி சுக்கானைத் திருப்பிப் படகைச் சற்றுச் சாய்வாக நிறுத்தினால் ஓடும் நீரே அதை மறுகரைக்குத் தள்ளிவிடும். ஓட்டத்தை நம்பிய வேலை என்பதால் வெள்ளத்திலும் நீர் மிகக் குறைந்தாலும் படகு நிற்கும், இரவிலும் ஓடாது. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று காலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏறும்போது இறங்கித் தள்ளுங்கள். சாய்தளம் எஃகுத் தகடு, ஈரத்தில் வழுக்கும். உள்ளே போனதும் சைடு ஸ்டாண்டை நம்பாமல் கைப்பிடிக் கம்பியில் சாய்த்து, முன் பிரேக் லீவரை ஒரு ரப்பர் வளையம் போட்டு இறுக்கிவிட்டால் வண்டி உருளாது. கட்டணத்துக்குச் சில்லறை யூரோ வைத்திருங்கள்.

*

படகு பற்றி மேலே சொன்னது சரி. கிரெம்ஸுக்கு அப்புறம் வரும் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாஹாவில் இருபுறமும் மலை. கிரெம்ஸ் தாண்டியதும் துல்ன் சமவெளி விரிந்துவிடும். பாதை நெடுக ஆற்றின் கரைமேட்டில் போகும். பல இடங்களில் நிழலோ மறைப்போ இல்லை. வழக்கமாக அடிப்பது மேற்குக் காற்று. அது முதுகில் தள்ளுவதால் 45 கி.மீ. மூன்று மணி நேரத்துக்குள் முடியும். கிழக்கிலிருந்து திரும்பிவிட்டால் அதே தூரம் ஐந்து மணி நேரம் இழுக்கும். முந்தின இரவே காற்றின் திசையைப் பாருங்கள். கிழக்குக் காற்று என்றால் காலை ஆறரைக்குக் கிளம்பி, வெயில் ஏறிக் காற்று வலுக்குமுன் பாதியைக் கடந்துவிடுவது நல்லது.

எதிர்காற்றில் குழுவாகப் போகும்போது ஒருவர் பின் ஒருவராக ஒன்றரை மீட்டர் இடைவெளி விடுங்கள். பாரம் ஏற்றிய வண்டி சட்டென்று நிற்காது. பந்தயக்காரர்கள் போல ஒட்டிப் போகக் கூடாது. இரண்டு கி.மீ.க்கு ஒருமுறை முன்னே இருப்பவர் இடதுபுறம் ஒதுங்கிக் கடைசிக்குப் போகட்டும். எதிரே யாராவது வந்தால் ஒதுங்குவதைத் தள்ளிப்போடுங்கள். குழுவில் மெதுவானவரை இரண்டாம் இடத்தில் வையுங்கள். கடைசியில் விட்டால் ஒவ்வொரு வளைவிலும் அவர் பின்தங்கி, பிறகு விரட்டிப் பிடிப்பதிலேயே சக்தி தீர்ந்துவிடும்.

வடகரையில் வந்தால் ஆல்டன்வோர்த் நீர்மின் நிலையத்தின் மேலேயே ஆற்றைக் கடந்து தென்கரைக்கு வரலாம். கொஞ்ச தூரத்தில் ஸ்வென்டன்டோர்ஃப் அணு உலை. கட்டி முடித்த பிறகு 1978 நவம்பர் 5-இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தினார்கள். 50.47 சதவீதம் பேர் வேண்டாம் என்றதால் ஒருநாளும் இயங்காத உலை அது. சைக்கிள் பாதை அதன் வேலியை ஒட்டிப் போகிறது. அவசியம் நின்று பாருங்கள்.

யாருக்காவது முழங்கால் போய்விட்டால் கிரெம்ஸ், துல்ன், கிளோஸ்டர்நொய்பூர்க் மூன்றிலிருந்தும் வியன்னாவின் ஃபிரான்ஸ் யோசஃப் நிலையத்துக்கு நேர் ரயில் உண்டு. உள்ளூர் ரயிலில் சைக்கிளுக்குத் தனிச்சீட்டு எடுத்தால் போதும், முன்பதிவு வேண்டாம். இடம் இருக்கும் வரை ஏற்றலாம். வலியோடு அவரை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். பையையும் கூடாரத்தையும் அவரோடு ரயிலில் அனுப்பிவிட்டால் மற்றவர்களுக்கும் பாரம் குறையும்.

*

பத்து நாள் பாரம் சுமந்த வண்டியில் என்னென்ன போகும் என்பதை வரிசையாக எழுதுகிறேன். மெல்க்கில் கூடாரம் போட்ட மாலை அரை மணி நேரம் ஒதுக்கினால் வழியில் நிற்க வேண்டி வராது.

முதலில் கேரியர் போல்ட். 5 மி.மீ. போல்ட், 4 மி.மீ. ஆலன் கீ (அறுகோணச் சாவி). அதிர்வில் தளர்வது பெரும்பாலும் கீழே உள்ளதுதான். விழுந்துவிட்டால் தண்ணீர் பாட்டில் தாங்கியின் போல்ட்டும் அதே அளவு. ஒன்றைக் கழற்றி மாட்டுங்கள். வலப்பக்கம் மாட்டும்போது நீளம் கூடுதலாக இருந்தால் உள்ளே பல்சக்கரத்தில் இடிக்கிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள்.

அடுத்து பின்சக்கரக் கம்பி. பெரும்பாலும் பல்சக்கரம் இருக்கும் வலப்பக்கம்தான் ஒடியும். வலக் கம்பி ஒடிந்தால் ரிம் இடப்பக்கம் சாயும். ஒடிந்ததைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிக் கட்டிவிட்டு, அதன் இருபுறமும் உள்ள இடக் கம்பிகளின் நிப்பிளை (ரிம்மில் கம்பியைப் பிடிக்கும் சிறு நட்டு) கால் சுற்று, தேவைப்பட்டால் அரைச் சுற்று தளர்த்துங்கள். ரிம் நடுவுக்கு வரும். வலக் கம்பிகளை இறுக்கி நேராக்கப் பார்த்தால் அடுத்ததும் ஒடிய வாய்ப்பு அதிகம். பின்பையில் பாதியை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் கிரெம்ஸ் கடை வரை தாங்கும்.

டிஸ்க் பிரேக் பேடில் உராய்வுப் பொருள் ஒரு மி.மீ.க்குக் குறைந்தால் மாற்றிவிடுங்கள். மழையில் மண் கலந்த பாதையில் அது நினைப்பதைவிட வேகமாகத் தேயும். குழுவில் எல்லாருக்கும் ஒரே மாதிரி பேட் அமையாது; யார் வண்டிக்கு எது என்று ஊரிலேயே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

செயினுக்கு எண்ணெய் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு, அதற்குமேல் வேண்டாம். விட்டுப் பத்து நிமிடம் கழித்து வெளிப்புறத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். மீந்த எண்ணெய் கரைமேட்டுப் புழுதியைப் பிடித்துச் செயினை அரைத்துவிடும்.

வியன்னாவுக்குள் பழுதைவிட டிராம் தண்டவாளம்தான் அதிகம் பேரை விழவைக்கிறது. அதன் பள்ளத்தில் 35, 40 மி.மீ. டயரும் இறங்கிவிடும். முடிந்தவரை செங்குத்தாகக் கடங்கள். மழை பெய்தால் இறங்கித் தள்ளுங்கள். நுஸ்டோர்ஃபிலிருந்து டான்யூப் கால்வாய்க் கரையோடு உள்ளே வந்தால் நகர நடுப்பகுதி வரை தண்டவாளமே குறுக்கிடாது.

*

சாப்பாடும் கூடாரமும் பற்றி யாரும் தொடவில்லையே, அதை நான் எழுதுகிறேன்.

ஆஸ்திரியாவில் ஞாயிறும் அரசு விடுமுறையும் மளிகைக்கடை கிடையாது. பல கடைகள் சனி மாலை ஆறு மணிக்கே மூடிவிடும். ஆகஸ்ட் 15-உம் விடுமுறை, பலர் மாட்டிக்கொள்வது அன்றுதான். வியன்னாவின் பெரிய ரயில் நிலையக் கடைகள் மட்டும் திறந்திருக்கும். 2025 ஜனவரி முதல் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் பான டின்னுக்கும் 25 சென்ட் முன்பணம் பிடிக்கிறார்கள். நசுக்காமல் கொண்டுபோனால் கடை இயந்திரம் திருப்பித் தரும், நசுங்கினால் வாங்காது. தண்ணீர் விலைக்கு வாங்க வேண்டியதே இல்லை, குழாய்நீர் நல்லது. ஊருக்கு ஊர் கல்லறைத் தோட்டத்திலும் குழாய் உண்டு. 'கைன் ட்ரிங்க்வாசர்' என்ற பலகை இருந்தால் குடிக்காதீர்கள், கழுவ மட்டும்.

கேஸ் உருளையைக் கடைசி நாளில் சரியாகத் தீர்ப்பது ஒரு கலை. விமானத்தில் கைப்பையிலும் ஏற்ற முடியாது, சரக்கிலும் முடியாது. 230 கிராம் உருளையில் லிட்டருக்குப் 12 முதல் 15 கிராம் வரை செலவாகும். காற்று மறைப்பு இல்லாவிட்டால் இன்னும் கூடும். நாலு பேருக்குக் காலைத் தேநீர், இரவு ஒரு சோறு அல்லது பாஸ்தா என்றால் ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர், அதாவது 75 கிராம். ஆகவே மெல்க்கில் முழு உருளை இருந்தால் புதிதாக வாங்காதீர்கள். மிச்சம் எவ்வளவு என்று தெரிய, அதே அளவு புது உருளையோடு சேர்த்துத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். தீர்ந்தது உயரமாக மிதக்கும். கேஸ் மீந்தால் முகாம் சமையலறைத் தட்டில் வைத்துவிடுங்கள், அடுத்து வருபவர் எடுத்துக்கொள்வார். அடுப்பையும் கழுவிக் காற்றாட விடுங்கள், வாசனை இருந்தால் சோதனையில் நிறுத்துவார்கள்.

கீழ் ஆஸ்திரியா மாநிலத்தில் முகாம் தளத்துக்கு வெளியே கூடாரம் அடிக்கக் கூடாது. துல்னிலும் கிளோஸ்டர்நொய்பூர்க்கிலும் ஆற்றோரமே முகாம்கள் இருக்கின்றன. கடைசி இரவைக் கிளோஸ்டர்நொய்பூர்க்கில் போட்டு, மறுநாள் காலை 12 கி.மீ. ஓட்டி நகருக்குள் நுழைவது எனக்குப் பிடித்த ஏற்பாடு. நகரத்துள் தங்கும் செலவில் ஒரு நாள் குறையும், கூடாரமும் காயும்.

காயவைப்பது முக்கியம். ஆற்றங்கரையில் விடியலில் பனி இறங்கி வெளித்துணி சொட்டச் சொட்ட இருக்கும். உள்துணியைத் தனியாகக் கழற்றிக் காய்ந்தபடியே ஒரு பையில் போடுங்கள். வெளித்துணியை உதறி வேறு பையில் வைத்து, மதியச் சாப்பாட்டுக்கு நிற்கும் இடத்தில் வேலியில் விரியுங்கள். வெயிலில் இருபது நிமிடம் போதும். ஈரத்தோடு அட்டைப்பெட்டியில் வைத்து இரண்டு நாள் கழித்துத் திறந்தால் பூஞ்சை பிடித்திருக்கும். பெட்டியும் நனைந்து அடி விட்டுப்போகும்.

*

பெட்டி கட்டுவது. சைக்கிள் கடைக்கு நாலு நாள் முன்பே எழுதிக் கேளுங்கள். நாலு பேருக்கு நாலு பெட்டி ஒரே கடையில் கிடைப்பது அரிது. கூடவே முன் ஃபோர்க்கின் நுனிகளுக்கு நடுவே வைக்கும் பிளாஸ்டிக் கட்டையையும் கேளுங்கள். புது வண்டியோடு வருவது, தூக்கிப் போடத்தான் வைத்திருப்பார்கள். அது இல்லாமல் பெட்டியின் மேல் பாரம் விழுந்தால் ஃபோர்க் நசுங்கும்.

பெடலை விமான நிலையத்தில் கழற்ற நினைக்காதீர்கள். மழையில் நனைந்த மரை இறுகியிருக்கும். முகாமிலேயே முந்தின நாள் ஒருமுறை தளர்த்தி, கிரீஸ் தடவித் திரும்ப மாட்டுங்கள். 15 மி.மீ. ஸ்பேனர், சில பெடலுக்கு 8 அல்லது 6 மி.மீ. ஆலன் கீ. இடப் பெடலின் மரை தலைகீழ். ஸ்பேனரை மேல்நோக்கி நிறுத்தி, அதன் நுனியைப் பின்சக்கரப் பக்கம் தள்ளினால் இரண்டு பெடலும் கழலும். கிராங்க் (பெடல் மாட்டிய தண்டு) சுற்றாமல் இருக்க ஒருவர் மறுபக்கக் கிராங்கைப் பிடித்துக்கொள்ளட்டும். செயின் பெரிய பல்சக்கரத்தில் இருந்தால் கை நழுவினாலும் பல் குத்தாது.

சீட் கம்பத்தை இறக்குமுன் உயரத்தில் ஒரு டேப் ஒட்டுங்கள். பின் கியர் மாற்றியை 5 மி.மீ. ஆலன் கீயால் கழற்றித் துணியில் சுற்றி, பின் முக்கோணத்துக்குள் கட்டுங்கள். பெட்டியில் முதலில் அடிபடுவது அதுதான். டிஸ்க் பிரேக் என்றால் சக்கரத்தைக் கழற்றியதும் பேடுகளுக்கு நடுவே அட்டையை மடித்துச் செருகுங்கள். லீவரை யாராவது தெரியாமல் அழுத்திவிட்டால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும், வீட்டில் பிரிக்க அரைநாள் போகும்.

டயரில் காற்றை முழுக்க இறக்க வேண்டியதில்லை. வெற்றிடத்திலேயே வைத்தாலும் டயருக்குள்ளும் வெளியிலும் உள்ள அழுத்த வித்தியாசம் ஒரு பார் (காற்றழுத்த அலகு) மட்டுமே கூடும். ஒன்றரை பார் விட்டுவைத்தால் ரிம்முக்கும் பாதுகாப்பு. காலி செய்யச் சொல்லும் விமான நிறுவனங்களும் உண்டு, விதியை முன்கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள்.

எடை வரம்பு பெரும்பாலும் 23 கிலோ, சிலவற்றில் 32. வண்டி 15, பெட்டி 3 அல்லது 4. மீதியில் கூடாரக் கம்பி, முளை, கருவிகள் அடங்கும். பவர் பேங்க் கைப்பையில்தான். 100 வாட் மணி வரை கேள்வி இல்லை, அதாவது 26,800 மில்லி ஆம்பியர் மணி வரை.

*

ஒரே ஒரு சேர்க்கை. மேலே படகு நிற்கும் என்றார்கள், வெள்ளத்தில் பாதையும் மூடும். 2024 செப்டம்பர் வெள்ளத்தில் கீழ் ஆஸ்திரியா முழுவதையும் பேரிடர் பகுதியாக அறிவித்தார்கள். வாஹாவுக்குள் நுழையுமுன் கீன்ஷ்டாக் என்ற இடத்தின் நீர்மட்ட அளவை இணையத்தில் பாருங்கள். காலையும் மாலையும் பார்த்து, எண் ஏறிக்கொண்டே போனால் ஆற்றோர முகாமில் போடாமல் ஊருக்குள் மேட்டில் இடம் பிடியுங்கள். ஊர்க்காரர்கள் வெள்ளத்தைத் தடுக்கக் கரையில் தூண் நட்டு அலுமினியப் பலகை அடுக்கத் தொடங்கியிருந்தால் அன்றைக்கே ரயிலேறிவிடுங்கள்.