கடையில் மட்டும் விழும் பில் புரோகிராம், வால்கிரின்டில் 0 பிழை: எங்கே தேடுவது?

வெள்ளவத்தைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். நாலு நாளாக ஒரே பிழையோடு மல்லுக்கட்டுகிறேன். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடை. அவர்களுடைய பில் போடும் புரோகிராமைப் போன மாதம்தான் நான் பொறுப்பெடுத்தேன். சி++ இல் எழுதியது, உள்ளே பாதி பழைய சி. 64 பிட் லினக்ஸ் ஓடும் சின்னக் கணினி, 80 மில்லிமீட்டர் ரோல் பிரின்டர். நாளுக்கு மூன்று நாலு தடவை, பில் அடித்து முடிகிற நேரத்தில் புரோகிராம் விழுந்துவிடுகிறது. திரையில் மிஞ்சுவது "டபிள் ஃப்ரீ ஓர் கரப்ஷன்" என்ற ஒரே வரி. சனிக்கிழமை காலையில், லொறியில் சாமான் ஏற்றிவிட்டு ஆட்கள் வரிசையில் நிற்கும்போது விழுந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

ஜிடிபி என்ற பிழைதேடும் டூலில் பார்த்தால், பில்லை அழிக்கும் இடத்தில், மெமரியை விடுவிக்கும் ஃப்ரீ-க்குள் நிற்கிறது. ஒரே மெமரியை இரண்டு தடவை விடுவிக்கிறோமா என்று எல்லா ஃப்ரீ-யையும் ஒன்றொன்றாகப் பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை. வீட்டில் லெப்டொப்பில், மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் வால்கிரின்ட் வைத்து 200 பில் போட்டேன். "0 பிழைகள்" என்கிறது. கடைசியில் "ஸ்டில் ரீச்சபிள் 72,704 பைட்" (விடுவிக்காமல் மிஞ்சிய மெமரி) என்று ஒரு வரி வருகிறது. அதுதான் காரணமா? பிரின்டர் லைப்ரரிக்குள் இருந்து "அன்இனிஷியலைஸ்ட்" (மதிப்பு நிரப்பாத மெமரி) என்று ஓர் எச்சரிக்கையும் வந்தது, அதை, காட்டவேண்டாத எச்சரிக்கைகளைக் குறித்துவைக்கும் சப்ரஷன் கோப்பில் போட்டு அடக்கிவிட்டேன்.

இன்னொன்று. தமிழில் பில் கேட்டால்தான் விழுகிறது, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் விழுவதில்லை என்று கடை முதலாளி சொல்கிறார். அது தற்செயல் என்றுதான் நினைக்கிறேன்.

தெஹிவளை 101:

அட்ரஸ் சானிடைசர் போட்டுப் பாருங்கள், அதுவும் மெமரிப் பிழை பிடிக்கும் டூல்தான். வேறு எதுவும் நிறுவத் தேவையில்லை. ஜிசிசி 4.8 இலிருந்தும் கிளாங் 3.1 இலிருந்தும் கம்பைலருக்குள்ளேயே இருக்கிறது. கம்பைல் செய்யும்போதும் லிங்க் செய்யும்போதும் "-எஃப்சானிடைஸ்=அட்ரஸ்" கொடுங்கள், கூடவே, அறிக்கையில் வரி எண் தெரிவதற்கு "-ஜி". வால்கிரின்டில் 20, 30 மடங்கு மெதுவாகும் வேலை இதில் ஏறத்தாழ 2 மடங்கோடு முடிந்துவிடும். ஒரு விஷயம், இப்படிக் கட்டிய புரோகிராமைத் திருப்பி வால்கிரின்டுக்குள் ஓட்டக்கூடாது. இரண்டும் ஒத்துப்போகாது.

கொட்டாஞ்சேனை:

தம்பி, முதலாளி சொன்னது தற்செயல் இல்லை. நீங்கள் எழுதியதிலேயே பெறுமதியான வரி அதுதான். வேறு டூல் தேடுவதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள்: வீட்டில் போட்ட அந்த 200 பில்லிலும் சாமான் பெயரை எந்த மொழியில் அடித்தீர்கள்?

ஆங்கிலத்தில் என்றால் வால்கிரின்டைக் குறை சொல்ல முடியாது. அது உங்கள் புரோகிராமின் ஒவ்வொரு கட்டளையையும் தன்னுடைய செயற்கைச் செயலியில் ஓட்டி, தொடுகிற ஒவ்வொரு பைட்டையும் பார்க்கிறது. நடக்காததை அது பார்க்காது. அட்ரஸ் சானிடைசரும் அப்படித்தான். கம்பைல் செய்யும்போதே காவலை உள்ளே வைத்துவிடுகிறது, ஆனால் அந்த வழியால் போனால்தான் காவல் கூப்பிடும். அதனால் எந்த டூல் என்பது இரண்டாவது கேள்வி. எந்தச் சாமான் பட்டியலை வைத்து ஓட்டினோம் என்பதுதான் முதல் கேள்வி.

விழுகிற இடத்தில் பிழையைத் தேடுவதையும் விட்டுவிடுங்கள். ஹீப்பில், அதாவது புரோகிராம் ஓடும்போது மெமரி கேட்டு வாங்கும் பகுதியில், ஒரு துண்டு வாங்கினால், அதற்குப் பக்கத்திலேயே அடுத்த துண்டின் அளவு எழுதப்பட்டிருக்கும். உங்கள் துண்டைத் தாண்டி எழுதினால் அந்த அளவுதான் அழியும். அந்த நிமிடத்தில் ஒன்றும் நடக்காது. பில் அடித்து முடிந்து, அடுத்த துண்டை விடுவிக்கப் போகும்போதுதான் லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி அந்த அளவை வாசித்துப் பார்த்து, இது சரியில்லை என்று நிறுத்துகிறது. செய்தியில் "டபிள் ஃப்ரீ" என்று இருப்பதால் நீங்கள் நாலு நாள் ஃப்ரீ-யைத் தேடினீர்கள். அதே செய்தியில் "ஓர் கரப்ஷன்" என்றும் இருக்கிறது. உங்களுடையது அந்த இரண்டாவது வகை என்றே எனக்குப் படுகிறது.

அட்ரஸ் சானிடைசர் இங்கே அருமையாக உதவும். வாங்குகிற ஒவ்வொரு துண்டின் இரு பக்கமும் தொடக்கூடாத ஓர் இடைவெளி விடும். உங்கள் மெமரியின் 8 பைட்டுக்கு 1 பைட் என்று நிழல் மெமரி வைத்து, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று குறித்துக்கொள்ளும். இடைவெளியில் கால் வைத்த அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். அறிக்கையில் இரண்டு அடுக்கு (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியல்) வரும், எழுதிய இடம் ஒன்று, அந்த மெமரியை வாங்கிய இடம் ஒன்று. இரண்டையும் வாசியுங்கள்.

72,704 பைட்டுக்கும் உங்கள் பிழைக்கும் தொடர்பில்லை. மெமரி தீர்ந்த நேரத்திலும் எக்செப்ஷன் எறிய முடியவேண்டும் என்று சி++ லைப்ரரி தொடக்கத்திலேயே ஒதுக்கி வைக்கும் இடம் அது. "டெஃபினிட்லி லொஸ்ட்" என்று வந்தால் கவலைப்படுங்கள்.

இனி அந்த சப்ரஷன் கோப்பு. அதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். இதில் மட்டும் நான் கடுமையாகவே பேசுவேன். 2006 இல் டெபியன் என்ற லினக்ஸ் வகையில், இதே வகை எச்சரிக்கையை நிறுத்துவதற்காக ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியில் இரண்டு வரிகளை எடுத்தார்கள். அதில் ஒன்று, ரேண்டம் எண் உருவாக்கத்துக்கு வரவேண்டிய எல்லாவற்றையும் உள்ளே சேர்க்கிற வரி. மிஞ்சியது கிட்டத்தட்ட பிராசஸ் எண் மட்டும்தான், வழக்கமான அமைப்பில் அது 32,768க்குள் அடங்கிவிடும். 2008 மே மாதம்தான் வெளியே வந்தது. அதுவரை அந்தக் கணினிகளில் அந்த ஓபன்எஸ்எஸ்எல் உருவாக்கிய சாவிகள் எல்லாமே ஊகிக்கக்கூடியவை. எச்சரிக்கை லைப்ரரியினுடையதாகவே இருக்கலாம். ஆனால் அந்த மதிப்பு எங்கே பிறந்தது என்று "--ட்ராக்-ஒரிஜின்ஸ்=யெஸ்" போட்டுப் பார்த்து, காரணம் தெரிந்த பிறகு அடக்குங்கள்.

வெள்ளவத்தைக்காரன்:

அண்ணா, மிக்க நன்றி. எல்லாமே ஆங்கிலம்தான். 200 பில்லிலும் "கோகனட் ஒயில்", "சுகர்", "டால்" இந்த மூன்றையும்தான் மாற்றி மாற்றி அடித்திருக்கிறேன்.

நேற்று மாலை 101 பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய், கடையின் சாமான் பட்டியல் முழுவதையும் பென்டிரைவில் எடுத்து வந்தேன். பிரின்டருக்குப் பதிலாகக் கோப்புக்குப் போகும்படி மாற்றி, சானிடைசர் போட்டுக் கட்டி, தமிழ்ப் பெயர்களோடு ஓட்டினேன். முதல் பில்லிலேயே நின்றுவிட்டது:

"ஹீப் பஃபர் ஓவர்ஃப்ளோ. 47 பைட் எழுதல். 40 பைட் பகுதியின் முடிவில்."

எழுதிய இடம் ஒரு ஸ்ட்ரிங் கொப்பி. மெமரி வாங்கிய இடத்தில் மாலொக் 40, அதாவது 40 பைட் கேட்கும் வரி. பில்லில் பெயருக்கு 40 கட்டம் என்று யாரோ முன்பு கணக்குப் போட்டிருக்கிறார்கள். சாமான், தேங்காய் எண்ணெய்.

இருந்து எண்ணிப் பார்த்தேன். கண்ணுக்கு 8 எழுத்தும் ஓர் இடைவெளியும். ஆனால் யூனிகோடில் "தே" என்பது த ஒன்று, ஏகாரக் குறி ஒன்று. "ங்" இல் ங ஒன்று, புள்ளி ஒன்று. அப்படி மொத்தம் 15 குறியீடுகள், யூடிஎஃப்-8 இல் ஒவ்வொன்றும் 3 பைட், 45. இடைவெளி 1, முடிவுக்கான சுழியம் 1. சரியாக 47. சிங்களத்தில் "பொல் தெல்" சுழியத்தோடும் வெறும் 26 பைட்தான், அதனால் உள்ளே அடங்கிவிடுகிறது. முதலாளி சொன்னது அப்படியே சரி.

நீளம் 40ஐத் தாண்டினால் வெட்டு என்று ஒரு நிபந்தனை போட்டேன். தேங்காய் எண்ணெயும் செத்தல் மிளகாயும் தாண்டிப் போயின. அப்புறம் மைசூர் பருப்பில் திரும்பவும் நின்றது, இந்த முறை "41 பைட் எழுதல்". இது ஏன் என்று சரியாக விளங்கவில்லை.

கொட்டாஞ்சேனை:

மைசூர் பருப்பையும் அதே மாதிரி எண்ணுங்கள். 13 குறியீடு, 39 பைட். இடைவெளியோடு 40. உங்கள் நிபந்தனை தாண்டினால் மட்டும்தானே வெட்டும்? 40 தாண்டவில்லை, விட்டுவிட்டது. முடிவுச் சுழியம் 41ஆவது இடத்தில் போய் விழுந்தது. ஒரே ஒரு பைட், அதுவும் சுழியம். இதைக் கண்ணால் கண்டுபிடிக்க ஒரு கிழமை போயிருக்கும்.

39இல் வெட்டினாலும் போதாது. தேங்காய் எண்ணெயை 39ஆவது பைட்டில் வெட்டினால் "ணெ" இன் எகரக் குறி மூன்றில் இரண்டு பைட்டோடு தொங்கும், பில்லில் கட்டம் கட்டமாக வரும். அந்தக் குறியையே முழுசாக எடுத்தால் "தேங்காய் எண்ண" என்று அடித்துக் கொடுப்பீர்கள். காசு கொடுத்துச் சாமான் வாங்குகிற ஒருவருக்குத் தன் மொழியில் பிழையான பெயரை நீட்டக்கூடாது. அந்த 40ஐயே தூக்கிவிட்டு, தேவைக்கேற்ப நீளும் சி++ இன் எஸ்டிடி ஸ்ட்ரிங் போடுங்கள். அகலத்தை அச்சிடும் இடத்தில் எழுத்துருவைக் கேட்டு அளந்து, இடம் போதாவிட்டால் அடுத்த வரிக்கு இறக்குங்கள்.

தெஹிவளை 101:

பட்டியலில் "கொ", "மோ" மாதிரி எழுத்துகளையும் பாருங்கள். சில விசைப்பலகைகள் ஒகரக் குறியை ஒன்றாக அடிக்கும், சில கொம்பும் காலுமாக இரண்டாக அடிக்கும். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் ஒன்று 3 பைட், மற்றது 6. ஒரே சாமான் இரண்டு பெயராகப் பதிவாகியிருக்கவும் கூடும்.

வெள்ளவத்தைக்காரன்:

எஸ்டிடி ஸ்ட்ரிங்குக்கு மாற்றிவிட்டேன். பட்டியல் முழுவதும் மூன்று மொழியிலும் சானிடைசரோடு ஓடி முடிந்தது, ஒன்றும் நிற்கவில்லை. கொத்தமல்லி இரண்டு தடவை பதிவாகியிருந்தது, தெஹிவளை அண்ணா சொன்ன அதே காரணம். சப்ரஷன் கோப்பை எடுத்துவிட்டேன். அந்த எச்சரிக்கை நாங்கள் பிரின்டருக்குக் கொடுக்கும் ஸ்ட்ரக்டில் ஒரு புலத்தை நிரப்பாமல் விட்டதால் வந்தது, லைப்ரரியின் பிழை இல்லை.

இன்று காலை சானிடைசர் இல்லாத சாதாரணக் கட்டமைப்பைக் கடையில் போட்டேன். மத்தியானம் வரை நின்று பார்த்தேன், விழவில்லை. வரிசையில் ஓர் ஐயா எண்ணெய் ஆறு கலன் எடுத்தார், பில்லில் பெயர் முழுசாக வந்தது.